வெள்ளைப் பெட்டிக்கு எண்பத்தாறு மதிப்பெண்

அர்ஃபா லேசில் எதையும் நம்பமாட்டாள். சேந்தமங்கலம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கினால், அட்டையில் அச்சடித்திருப்பதை அவள் அண்ணன் அஷ்பாக் வாய்விட்டுப் படித்துப் பூரித்துக்கொண்டிருப்பான். அதற்குள் அவள் ஸ்குரூடிரைவரை எடுத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றியிருப்பாள்.

"அட்டையில எழுதறதுக்கென்ன, அட்டைக்கு வாயா வலிக்கப்போவுது?" என்பாள்.

அண்ணன் விற்பான், தங்கை சோதிப்பாள். அதுதான் அந்தக் கடையின் ஏற்பாடு. கார் பந்தய விளையாட்டு ஒன்றை ஏற்றி, இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டிப் பார்ப்பாள். விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது, எத்தனையாவது நிமிஷத்தில் சூடாகிறது, எந்த இடத்தில் கார் தடுக்குகிறது, காற்றாடி எப்போது கத்த ஆரம்பிக்கிறது என்று எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் ஏறும். ஒரு தடவை பார்த்ததை எழுதமாட்டாள். மூன்று தடவை பார்த்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் பேனாவைத் திறப்பாள். ஒரு பெண்ணுக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது என்று சொன்ன உறவுக்காரர்கள், தங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் நேரே அவளிடம்தான் வந்தார்கள்.

அந்த நோட்டுதான் பத்திரிகைக்குப் போனது. சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் மாத இதழ் ஒன்றில் 'புதுப் பெட்டி வாங்கலாமா?' என்று ஒரு பக்கம். அர்ஃபா எழுதினாள், அஷ்பாக் பெயரில் வந்தது. கேம்ஸ் பெட்டியைப் பற்றிப் பெண் எழுதினால் பையன்கள் படிக்கமாட்டார்கள் என்பது ஆசிரியரின் கண்டுபிடிப்பு. ஏழு மாதம் இப்படியே ஓடிற்று. கடைசியில் அஷ்பாக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். கடைக்கு வருகிறவர்கள், "நீங்க எழுதுனதுல ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தால், அவன் திருதிருவென்று விழித்துவிட்டு, "இருங்க, டீ சொல்றேன்" என்று எழுந்து ஓடவேண்டியிருந்தது. அவனே ஆசிரியருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தான். அப்படித்தான் 2005 ஏப்ரல் இதழில், முதன்முதலாக, 'அர்ஃபா, சேந்தமங்கலம்' என்று அச்சில் வந்தது.

அவள் அத்தா அப்துல் அலீம் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் மளிகைக் கடை மேஜையின் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தார். பருப்பு வாங்க வந்தவர்களெல்லாம் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

அந்த மாதம் அவள் எழுதியது இரண்டு புதுப் பெட்டிகளைப் பற்றி. இரண்டும் கேம்ஸுக்கென்றே வந்தவை. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளை நிறப் பெட்டி, சமர்த்து. இரண்டு மணி நேரம் ஓட்டியும் முகம் சுளிக்கவில்லை. கறுப்பு நிறப் பெட்டியோ வேகத்தில் சூரன். ஆனால் நாற்பதாவது நிமிஷத்தில் அடுப்புபோல் சூடாகித் திரை உறைந்து நின்றுவிட்டது. முதல் தடவை நாற்பது நிமிஷம், அடுத்து முப்பத்தெட்டு, மூன்றாவது தடவை நாற்பத்தொன்று. வெள்ளைக்கு எண்பத்தாறு மதிப்பெண் போட்டாள். கறுப்புக்கு நாற்பத்தொன்று போட்டு, கீழே தனி வரியாக 'வாங்காதீர்கள்' என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லை எழுதியபோது அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை.

மே மாத நடுவில் ஒரு நீல இன்லண்டு லெட்டர் வந்தது. மேலே 'அர்ஃபா அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. அவள் பெயருக்குக் கடை முகவரியில் வந்த முதல் கடிதம். ஓரம் கிழியாமல் பிளேடால் பதமாகப் பிரித்தாள். உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

'கொல்லிமலை செம்மேடு பஸ் ஸ்டாண்டில் கேம்ஸ் கடை வைத்திருக்கும் விஜயா எழுதுவது. நீங்கள் எழுதியதை நம்பி வெள்ளைப் பெட்டி இரண்டு வாங்கினேன். இரண்டும் சாயங்காலம் ஓடுவதில்லை. நீங்கள் வாங்காதே என்று சொன்ன கறுப்புப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அது நாலு மணி நேரம் தொடர்ந்து ஓடுகிறது. நீங்கள் பெட்டியை ஓட்டிப் பார்த்துத்தான் எழுதினீர்களா, அல்லது நிறத்தைப் பார்த்து எழுதினீர்களா? நேரில் வந்தால் காட்டுகிறேன்.'

அர்ஃபாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நிறத்தைப் பார்த்தாமே!

அஷ்பாக் கடிதத்தை வாங்கிப் படித்துச் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தம்மாவுக்குப் பெட்டி வெச்சு ஓட்டத் தெரியல. விடு."

விட்டிருக்கலாம். கோபமும் மதியச் சாப்பாட்டோடு இறங்கிவிட்டது. ஆனால் 'நாலு மணி நேரம்' என்ற வார்த்தை மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. பொய் சொல்கிற ஆள் வந்து பார் என்று கூப்பிடுமா? நோட்டைப் புரட்டினாள். நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. மூன்று தடவை உறைந்த பெட்டி, மலை ஏறியதும் எப்படி நாலு மணி நேரம் ஓடும்? அப்படி ஓடினால் அந்தப் பெட்டிக்குள் அவள் பார்க்காதது என்னவோ இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"அத்தா, சனிக்கிழமை செம்மேடு போயிட்டு வாரேன்."

"கடைசி பஸ்ஸுல திரும்பிரணும்," என்றார் அப்துல் அலீம். அவர் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. மடியில் ஒரு ஜோல்னாப் பை. அதில் மல்டிமீட்டர், ஸ்குரூடிரைவர்கள், நோட்டு, கோழிப் பண்ணையில் தொங்கவிடுகிற பெரிய தெர்மாமீட்டர் ஒன்று. நாமக்கல் வட்டாரத்தில் தெர்மாமீட்டர் வேண்டுமென்றால் மருந்துக் கடைக்கு முன்னால் கோழிப் பண்ணைதான் ஞாபகம் வரும்.

காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், டிரைவர் குப்புசாமி கண்ணாடியில், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, மலையில கோழிப் பண்ணை வெக்கப் போறீங்களா?"

"இல்லீங்கண்ணா. கம்ப்யூட்டர் பாக்கப் போறேன். விஜயான்னு ஒருத்தவங்க கடை."

"அட! மத்தியானம் ஒரு மணி நேரம் ஹால்ட்டுங்க. அங்கதான் கார் ஓட்டிட்டு இருப்பேன்."

அர்ஃபா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸை ஏற்றி இறக்குகிற மனிதர், சாப்பாட்டு நேரத்தில் போய்க் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிறாராம். "இது போதலையாண்ணா?" என்றாள்.

"இதுல ஸ்பீடா போக முடியாதுங்களே," என்றார் குப்புசாமி, இருபத்தெட்டாவது வளைவில் ஸ்டியரிங்கை முழுசாகச் சுற்றிக்கொண்டே.

விஜயாவின் கடை முன்பு எஸ்.டி.டி. பூத்தாக இருந்தது. எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு பூத்துக்கு ஈ ஓட்டுவதே வேலையாகிப் போனதால், அவள் அதைக் கேம்ஸ் கடையாக்கிவிட்டாள். போன் பேசுகிற கண்ணாடிக் கூண்டு மட்டும் மூலையில் அப்படியே நின்றது. அதற்குள் ஏதோ ஒன்றைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். வெளியே மேஜைமேல் ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு கறுப்புப் பெட்டி.

விஜயாவுக்கு முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். கடிதத்தில் இருந்த காரம் நேரில் இல்லை. "வாங்க, வாங்க. வரமாட்டீங்கன்னு நெனச்சேன்," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "காட்டமா எழுதிட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் வெச்சுக்கிட்டேன்," என்றாள் அர்ஃபா. "மொதல்ல பெட்டியப் பாக்கலாங்க்கா."

கறுப்புப் பெட்டியில் அதே கார் பந்தயத்தை ஏற்றினாள். மணி பதினொன்று ஐந்து. தெர்மாமீட்டரைச் சுவர் ஆணியில் மாட்டினாள். விஜயா எதிரே உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிஷம் ஓடிற்று. இருபது நிமிஷம். முப்பத்தைந்தாவது நிமிஷத்திலிருந்து அர்ஃபா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று ஆயிற்று, கார் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. மூடியைக் கழற்றி, உள்ளே விரலை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. ஆனால் தாங்குகிற சூடு.

ஆணியில் தொங்கியதைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தேழு டிகிரி. அவள் கடையில் சோதித்த நாட்களில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருந்திருக்கும்.

"அடப் பாவமே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "பெட்டி மேல தப்பில்லீங்க்கா. எங்க ஊர் வெயில் மேலதான் தப்பு."

அவமானமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் அர்ஃபாவுக்கு முதலில் வந்தது குதூகலம்தான். நோட்டில் 'அறைச் சூடு' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, 27 என்று எழுதினாள். மலையில் வைத்தால் சூரன், அடிவாரத்தில் வைத்தால் நோஞ்சான்! இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் குப்புசாமி வந்தார். டிபன் டப்பாவைத் திறக்காமலே கறுப்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு வெள்ளைக்கு மாறி இரண்டு சுற்று.

"ரெண்டுக்கும் என்னங்கண்ணா வித்தியாசம்?" என்று கேட்டாள் அர்ஃபா.

"கறுப்புல வளைவு வர்ற நேரத்துக்கு வருதுங்க. வெள்ளையில கை திரும்புன பொறவுதான் வண்டி திரும்புது. பிரேக்கு புடிக்காத லாரி மாதிரி."

அர்ஃபா நோட்டைப் பார்த்தாள். கறுப்பு விநாடிக்கு ஐம்பத்தெட்டு படம், வெள்ளை நாற்பத்தொன்பது. 'இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது' என்று அவளே அச்சில் எழுதியிருந்தாள். கண்ணுக்குத் தெரியாதது எழுபது வளைவுக்காரர் கைக்குத் தெரிந்துவிட்டது. நோட்டில் இருந்த அந்த வரியை அடித்தாள்.

"சரி, வெள்ளைக்கு என்ன வந்துச்சு? நல்லாத்தானே ஓடுது?"

"சாயங்காலம் பாருங்க," என்றாள் விஜயா.

கடைசி பஸ் ஏழு மணிக்கு. குப்புசாமிதான் ஓட்டுவார். அதற்குள் பார்த்தாக வேண்டும். ஐந்தரைக்கு இரண்டு பெட்டியிலும் பந்தயத்தை ஏற்றிவிட்டு அர்ஃபா காத்திருந்தாள். ஐந்தே முக்கால். ஆறு. மிளகு வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு விளக்குகள் எரிந்தன. டீக்கடையில், மாவு மில்லில், வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு ஏற, விஜயா கடை டியூப்லைட் மட்டும் மங்கிக்கொண்டே போனது. ஆறு இருபதுக்கு வெள்ளைப் பெட்டி 'டக்' என்று அணைந்து, தானாகவே மறுபடி ஏறியது. ஏறி முடிப்பதற்குள் மறுபடி அணைந்தது. கறுப்பு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அர்ஃபா மல்டிமீட்டரைப் பிளக் பாயிண்டில் வைத்தாள். இருநூற்று முப்பது வோல்ட் காட்டவேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்தெட்டு காட்டியது.

"தெனமும் இப்படித்தானா?"

"ஆறு மணிக்கு மேல இப்படித்தானுங்க. நாங்க லைனோட கடைசி. காலையில பாத்தா நல்லா வரும்."

அவள் இரண்டு பெட்டிகளின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டப்பாவை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். கறுப்பில் இருந்தது கனமான சரக்கு. நூறு வோல்ட்டிலிருந்து இருநூற்று நாற்பது வரை எது வந்தாலும் தாங்கும் என்று அதன்மேல் எழுதியிருந்தது. வெள்ளையில் இருந்தது மலிவுச் சரக்கு. அதன் பின்னால் குட்டியாக ஒரு சிவப்புப் பொத்தான். இந்தப் பக்கம் தள்ளினால் 230, அந்தப் பக்கம் தள்ளினால் 115.

"ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"அது வேணும்னு உங்க பக்கத்துல ஒரு வரி இருந்துச்சுங்களா?" என்றாள் விஜயா.

இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தபோதுதான் அர்ஃபாவுக்குச் சுரீர் என்றது. அவள் சோதிக்கிற மேஜைக்கு அடியிலேயே ஒரு பெரிய ஸ்டெபிலைசர் இருக்கிறது. கடை திறந்த நாள் முதல் உர்ரென்று உறுமிக்கொண்டே இருப்பதால் யார் காதிலும் அது விழுவதில்லை. எத்தனை பெட்டி அவள் கையால் சோதிக்கப்பட்டதோ, அத்தனையும் தாய்ப்பால் மாதிரி சுத்தமான கரண்டைக் குடித்துத்தான் மதிப்பெண் வாங்கியிருக்கின்றன. கூடம் கோணலா என்று அவள் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

அப்போது குப்புசாமி பஸ்ஸை எடுக்கும் முன் ஒரு டீயோடு எட்டிப்பார்த்தார். வெள்ளைப் பெட்டி அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்துவிட்டு, உதவி செய்கிற நல்லெண்ணத்தில் சொன்னார்.

"அந்தச் செவப்புப் பட்டனத் தள்ளுனா அணையாம ஓடும்ல விஜயா? முந்தி ஒண்ணு அப்படித்தான ஓடிட்டு இருந்துச்சு?"

விஜயா அவரை முறைத்த முறையில் டீ ஆறிப்போயிருக்கும்.

"எந்தப் பட்டன்? முந்தி எதுங்க்கா?" அர்ஃபா கேட்டாள். கேட்கும்போதே அவள் பார்வை கண்ணாடிக் கூண்டுக்குப் போய்விட்டது. கடிதத்தில் வெள்ளைப் பெட்டி இரண்டு என்றல்லவா இருந்தது! காலையிலிருந்து ஒன்றைத்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்?

விஜயா கூண்டுக்குப் போனாள். கதவைத் திறந்து சாக்கை எடுத்தாள். இரண்டாவது வெள்ளைப் பெட்டி. பின்பக்கம் முழுக்கக் கரிபிடித்திருந்தது. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவின் தகடு வெளிப்பக்கம் புடைத்திருந்தது. சிவப்புப் பொத்தான் 115இல் நின்றது.

"கரண்டு கம்மியா வருது. பின்னாடி ரெண்டு நம்பர் இருக்குது. கம்மிக் கரண்டுக்குக் கம்மி நம்பர் வெக்கறதுதானுங்களே நாயம்?" என்றாள் விஜயா. "வெச்சேன். ஒம்பது நாளு சாயங்காலம் ஜம்முன்னு ஓடுச்சுங்க. எனக்கு ஒரே பெருமை. பத்தாவது நாளு காலையில, கடை கூட்டிட்டு இருந்தவ, சும்மா போட்டுப் பாப்போம்னு இதப் போட்டேன். பட்டாசு மாதிரி வெடிச்சுதுங்க. கடை பூராவும் பொகை. நல்லவேளை ஆரும் பக்கத்துல இல்ல. தானாப் போச்சுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கப்பறந்தான் இந்தக் கறுப்பு வாங்குனது. ஆரும் வாங்கமாட்டேங்கறாங்கன்னு சேலத்துல பாதி வெலைக்குக் குடுத்தாங்க."

அர்ஃபாவுக்கு அந்தக் கணக்கு முழுசாகப் புரிந்தது. சாயங்கால நூற்று நாற்பத்தெட்டுக்கு 115 எப்படியோ ஈடுகொடுத்துவிட்டது. காலையில் முழுக் கரண்டு வந்ததும் தாங்கவில்லை. விஜயாவின் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இந்த மலையில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

அந்த நினைப்புதான் அவளை உலுக்கியது. தமிழ்நாட்டில் லைனின் கடைசியில் இருக்கிற ஊர் செம்மேடு ஒன்றுதானா? எண்பத்தாறு மதிப்பெண்ணை நம்பி எத்தனை பேர் இந்த வெள்ளைப் பெட்டியை வாங்கி, எத்தனை பேர் இந்நேரம் சிவப்புப் பொத்தானைத் தள்ளி வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறார்களோ! அவர்களுக்கும் ஒருநாள் காலை விடியும். எல்லோர் அதிர்ஷ்டமும் விஜயாவின் அதிர்ஷ்டம்போல் இருக்கும் என்று யார் சொல்லமுடியும்? "இத அப்படியே எழுதியாகணுங்க்கா," என்றாள் அர்ஃபா.

"எழுதுங்க, வேண்டாங்கல," என்றாள் விஜயா. "நான் பட்டனத் தள்ளுன கதைய மட்டும் எழுதிராதீங்க. கடைக்கு வர்ற பசங்க சிரிப்பானுங்க. படிக்காதவன்னுருவாங்க."

"எழுதலைங்க்கா," என்றாள் அர்ஃபா. பிறகு அவள் குரல் இறங்கியது. "என் பேரு அச்சுல வந்தது அந்தப் பக்கத்துலதான் மொதத் தடவ. அதுக்கு முன்னாடி எல்லாம் எங்கண்ணன் பேருல வரும். எட்டாவது மாசந்தான் என் பேரு வந்துச்சு. வந்த மொதப் பக்கமே தப்பு."

வெளியே ஹாரன் அடித்தது. அர்ஃபா பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். அதற்கு முன் வெள்ளைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி விஜயாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பஸ் நகர்ந்து பத்தடி போயிருக்காது. விஜயா செருப்பில்லாமல் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"கண்ணு, எழுதிக்க!" என்றாள் மூச்சு வாங்க. வாங்க போங்க எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நான் தள்ளுனதையும் எழுதிக்க. எம்பேரு, ஊரு பேரு எல்லாம் போட்டே எழுது. ஆரோ தள்ளுனாங்கன்னா சிரிச்சுட்டுப் போயிருவாங்க. செம்மேடு விஜயா தள்ளுனா, வெடிச்சுதுன்னு போட்டாத்தான் பயம் வரும்."

இறங்குகிற எழுபது வளைவிலும் குப்புசாமி கண்ணாடியில் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தான் வாயை விட்டதற்காக விஜயாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார் போலும். சிரிப்பார்கள் என்று பயந்த விஜயா, இன்னொருவர் அந்தப் பொத்தானைத் தள்ளிவிடுவதற்குள் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். தனக்கு மட்டும் என்ன வந்தது என்று அர்ஃபா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆசிரியருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அஷ்பாக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம்மா. நாலு வரி," என்றார் ஆசிரியர்.

"முழுப் பக்கம் வேணும் சார். அந்தப் பொத்தான் படத்தோட."

"முழுப் பக்கமா?" மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "நான் அப்பவே சொன்னேன். இப்பத்தான் உங்க பேர் போட ஆரம்பிச்சோம். ரெண்டே மாசத்துல தப்புன்னு போட்டா, பொண்ணு எழுதினா இப்படித்தான்னு பேசுவாங்க. வேணும்னா ஒண்ணு செய்யலாம், பேரே இல்லாம..."

"சார், என் பேர்ல போட்டுருங்க," என்று அஷ்பாக் குறுக்கே புகுந்தான். அவன் குரலில் கள்ளம் இல்லை. "நான்தான் தப்பாப் பார்த்தேன்னு போடுங்க. எனக்கென்ன சார், நான் பாத்துக்கறேன். அவ பேரு நல்லபடியா இருக்கட்டும்."

அர்ஃபாவுக்கு அண்ணனை அந்த நிமிஷம் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது.

"ஏழு மாசம் நான் சரியாப் பாத்ததெல்லாம் உம்பேர்ல வந்துச்சுண்ணா. இப்ப தப்பையும் நீயே எடுத்துக்கிட்டா, அப்பறம் எனக்குன்னு என்னதான் இருக்கும்?" என்றாள். "சார், தப்பு என்னது. என் பேரு போட்டுத்தான் வரணும். இல்லேன்னா இந்தப் பக்கம் இனி வேண்டாம்."

ஸ்பீக்கரில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"படத்தைச் சீக்கிரம் அனுப்புங்க," என்றார் ஆசிரியர்.

ஜூன் இதழில் வந்தது. 'நான் செய்த தவறு' என்று தலைப்பு. கறுப்புப் பெட்டி குளிர்ந்த ஊருக்கு நல்லது, வெயில் ஊருக்கு ஆகாது. வெள்ளைப் பெட்டி ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓடாது. 'நான் பெட்டியை மட்டும் சோதித்தேன். அது எந்த ஊரில், எந்தக் கரண்டில் ஓடப்போகிறது என்று கேட்கவில்லை' என்று எழுதியிருந்தாள். நடுவில் சிவப்புப் பொத்தானின் படம், உள்ளங்கை அகலத்துக்கு. அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: 'இதைத் தொடாதீர்கள். செம்மேடு விஜயா தொட்டார். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் வெடித்தது.' கடைசியில், 'அர்ஃபா, சேந்தமங்கலம்'.

அப்துல் அலீம் அந்தப் பக்கத்தையும் கிழித்தார். பழையதை எடுக்கப்போகிறார் என்று அர்ஃபா நினைத்தாள். அவர் எடுக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிப் புதியதைப் பக்கத்திலேயே செருகினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. ஏதோ ஒரு மலையடிவாரக் கிராமம். அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவள் பெயருக்கு வந்த இரண்டாவது கடிதம். இந்தத் தடவை நின்றுகொண்டே படித்தாள்.

'அர்ஃபா அவர்களுக்கு, நானும் அந்தப் பொத்தானைத் தள்ளித்தான் வைத்திருந்தேன். சாயங்காலம் மட்டும் ஓட்டுவேன். மறுநாள் ஸ்கூல் லீவு என்பதால் என் இரண்டு பிள்ளைகளும் காலையிலேயே போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அன்று மத்தியானத் தபாலில் நீங்கள் எழுதிய இதழ் வந்தது. இப்படிக்கு, ராசம்மாள்.'

அர்ஃபா அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து மங்கிவிட்டது. அட்டையை நோட்டுக்குள் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று காலை வந்து இறங்கிய புதுப் பெட்டி மேஜைமேல் காத்திருந்தது. அஷ்பாக் அட்டையில் இருந்ததை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். அவள் தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டினாள். ஸ்குரூடிரைவரை எடுக்கும் முன் மேஜைக்கு அடியில் குனிந்து, இத்தனை வருஷமாக யார் காதிலும் விழாமல் உறுமிக்கொண்டிருந்த அந்த ஸ்டெபிலைசரின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியின் ஒயரை நேராகச் சுவரில் செருகினாள்.